ஆள் போன ஊர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கில், இத்தாலி எல்லையை ஒட்டிய பிரெகாலியா பள்ளத்தாக்கு பற்றி, அங்கே கருவறை போன்ற அமைதி என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் சூரிச்சில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். அப்படியொரு இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் டிட்லிஸ், ரைன் அருவி, லுசேர்ன் என்று கூட்டிக்கொண்டு போவதோடு சரி. அக்டோபர் விடுமுறைக்கு அங்கே போகலாமா என்று கணவரிடம் கேட்டேன். சிரித்தார். "அமைதியைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற ஏழு வீட்டிலும் அமைதிதானே" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளைகளுக்குப் பதினொன்றும் பதினாலும் வயது. அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, சூரிச்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொன்னதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரி. 'கருவறை போன்ற அமைதி' என்று நான் எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியைப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆட்கள் கிளம்பிப் போனதால் மிஞ்சிய அமைதி அது. அங்கிருந்த ஐந்து ஊராட்சிகளை 2010இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் மொத்தம் 1500 பேர் அளவில்தான்.

கிளம்பிப் போவது அங்கே பழைய பழக்கம். மலைச்சரிவு விவசாயம் எல்லோருக்கும் சோறு போடவில்லை. ஆண்கள் வெனிஸுக்குப் போய் மிட்டாய், கேக் போடுகிற வேலையில் இறங்கினார்கள். 1766இல் வெனிஸ் இவர்களை வெளியேற்றியது. அப்புறம் ஐரோப்பாவின் மற்ற நகரங்களுக்குச் சிதறினார்கள். அப்படி மார்செய்யில் மிட்டாய்க் கடை வைத்துச் சம்பாதித்த குடும்பத்தின் பிள்ளை ஒருவர் 1850களில் திரும்பி வந்து, பள்ளத்தாக்கில் ஸ்டாம்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் கொல்தூராவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, கோபுரம் வைத்து மாளிகையாகவே விரித்துக் கட்டினார். கஸ்தெல்மூர் மாளிகை என்று பெயர். இப்போது அது அருங்காட்சியகம். போன இடத்தில் அடுப்படியில் நின்று பிழைத்து, ஊரில் பெரிய வீடு கட்டிய கதையை உங்கள் கணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவரை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். அக்டோபரில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயம். 2021 வரை செல்லுபடியான நூறு பிராங்க் நோட்டை நினைவிருக்கிறதா? அதில் இருந்த முகம் சிற்பி அல்பெர்த்தோ ஜியாகொமெத்தி. 1901இல் இந்தப் பள்ளத்தாக்கின் போர்கோநோவோவில் பிறந்தவர். பாரிஸில் பேரெடுத்த பிறகும் அம்மாவைப் பார்க்க ஸ்டாம்பாவுக்கு வந்துகொண்டே இருந்தார். புதைத்திருப்பதும் போர்கோநோவோவில்தான். இன்னொன்று, அல்பிஞ்ஞா அணை. 1950களில் கட்டியது, 115 மீட்டர் உயரம், சூரிச் மாநகர மின்வாரியத்துக்குச் சொந்தம். உங்கள் வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்று சொல்லி கேபிள் காரில் ஏற்றிவிடுங்கள். பதினாலு வயதுக்காரர்கூட போனைக் கீழே வைப்பார்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது காஸ்தசெஞ்ஞாவின் செஸ்ட்நட் என்ற கொட்டை மரத் தோப்பைத்தான். இத்தாலி எல்லையை ஒட்டிய கடைசி ஊர் அது, உயரம் 700 மீட்டர்தான். மேலே மலோயா கணவாய் 1815 மீட்டர். அங்கிருந்து தபால் பேருந்து முதலில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். நடுவில் 'போர்த்தா' என்று ஒரு பாறை மேடு, வாசல் என்று அர்த்தம். அதற்கு மேலே ஊசியிலை மரங்கள், கீழே செஸ்ட்நட். தோப்புக்குள் சின்னச் சின்னக் கல் குடில்கள் நிற்கும். கீழ்த்தளத்தில் தீ மூட்டி, எரிய விடாமல் புகைய விடுவார்கள். மேல்தளத்துப் பரணில் காய்கள் வாரக்கணக்கில் காயும். காய்ந்ததைக் குறுகலான பையில் போட்டு மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் ஓடு உடையும். ருசி சுட்ட பலாக்கொட்டைதான், கொஞ்சம் இனிப்பு கூட.

நான் போனபோது ஒரு குடிலின் கதவைத் திறந்து காட்டிய பெரியவருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அழுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. புகைதான். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "என் பையன்கள் இரண்டு பேரும் சூரிச்சில்" என்றார். அடுத்த கட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்த மலைகளை அழகு என்று மட்டும் நான் எழுதியதும் தப்புதான். 2017 ஆகஸ்ட் 23 காலையில் செங்கலோ சிகரத்திலிருந்து சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறை பெயர்ந்து விழுந்தது. மலையேறப் போன எட்டுப் பேர் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. சேறும் கல்லும் கீழே பொண்டோ ஊர்வரை வந்தது. 2011 சரிவுக்குப் பிறகு அமைத்திருந்த எச்சரிக்கைக் கருவி வேலை செய்ததால் ஊர்க்காரர்கள் தப்பித்தார்கள். மூடிய பாதை என்று பலகை இருந்தால், பிள்ளைகள் என்ன கெஞ்சினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சூரிச்சில் விசாரிக்கும்போது ஜெர்மன் பெயரைச் சொல்லுங்கள், 'பெர்கெல்'. செயின்ட் மோரிட்ஸ் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. தங்குவதற்கு சோல்யோ என்ற ஊர் நல்லது. வெயில் படும் மேட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் கீழே பொண்டோவில் மாதக்கணக்கில் சூரியனே எட்டிப்பார்க்காது, டிசம்பருக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கவும் வேண்டாம். நான் அப்படி இறங்கி, கடை பூட்டியிருந்ததால் பையில் கிடந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். கணவரையே கட்டச் சொல்லுங்கள்.