கம்பஸில் படிப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக இலங்கையில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். தற்காலிக வேலை, ஆங்கிலப் போதனாசிரியர், தகுதிகாண் விரிவுரையாளர், இப்போது சிரேஷ்ட விரிவுரையாளர் என்று எல்லாப் படியிலும் கால் வைத்திருக்கிறேன். வன்னிப் பிள்ளைகள் இந்த வேலையைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

மல்லாவி: அக்கா, எனக்கு ஆராய்ச்சியில் பெரிய ஆர்வமில்லை, படிப்பிக்கத்தான் விருப்பம். படிப்பிக்க மட்டும் என்று ஒரு விரிவுரையாளர் பதவி இங்கே இருக்கிறதா?

இல்லை தங்கச்சி. கனடாவில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் ஒரே ஏணிதான்: தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்குப் பிறகு பேராசிரியர் பதவிகள். மேல்படிக்கு விண்ணப்பிக்கும்போது மூன்று பக்கம் பார்ப்பார்கள்: கற்பித்தல், ஆராய்ச்சி, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணி. தாளில் மூன்றும் உண்டு. ஆனால் விண்ணப்பக் கோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், தடிப்பாக இருப்பது ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பகுதிதான். நீங்கள் நூறு பிள்ளைகளுக்குக் கணக்கியல் விளங்கவைத்ததைக் கோப்பில் எப்படிக் காட்டுவது? பாடத்தின் பெயரும் மணித்தியாலமும் ஒரு வரியில் முடிந்துவிடும்.

நாள் முழுக்கச் செய்யும் வேலை படிப்பித்தல், பதவி உயர்வு தருவது எழுத்து. இந்த வேலையில் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. இதை முதல் வருடமே விளங்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள். என்னைப் போன்றவர்கள் எட்டாம் வருடம்தான் விளங்கிக்கொண்டோம்.

படிப்பித்தலையே முழுநேரமாகச் செய்யலாம் என்றால், ஆங்கில மொழி கற்பித்தல் அலகில் போதனாசிரியர் பதவி இருக்கிறது. நல்ல வேலை. ஆனால் அதன் ஏணி குட்டை, பேராசிரியர் வரை போகாது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே பார்த்தால் வவுனியா பூந்தோட்டத்திலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே விரிவுரையாளர்கள் ஆசிரியர் கல்வியியலாளர் சேவையைச் சேர்ந்தவர்கள். உயர் தொழில்நுட்ப நிறுவனம், அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவற்றிலும் படிப்பித்தல்தான் பிரதான வேலை. கம்பஸ் என்ற பெயரின் மினுக்கம் இல்லை என்பதற்காக நம்மவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பிழை என்பது என் எண்ணம்.

நெடுங்கேணி: முதல் வகுப்பு எடுத்தால் விரிவுரையாளர் வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ உள்ள நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் வாசலில் நிற்கலாம், அவ்வளவுதான். உங்கள் துறையில் வெற்றிடம் வரவேண்டும், அது விளம்பரமாக வேண்டும், நேர்முகத்தில் ஒரு சிறு விரிவுரை செய்து காட்ட வேண்டும். பல பேர் அந்தச் சின்ன விரிவுரையில்தான் விழுகிறார்கள். தெரிந்ததெல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் கொட்டப் பார்ப்பார்கள். ஒரு கருத்தை எடுத்து, ஒரு உதாரணத்தோடு நிறுத்துங்கள்.

உள்ளே போனபின் தகுதிகாண் காலம். எட்டு வருடத்துக்குள் ஆய்வோடு கூடிய முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் வேலை போகும். உயர்கல்வியில் கற்பித்தலுக்கான சான்றிதழ்ப் பயிற்சியும் முடித்தால்தான் பதவி உறுதியாகும். எட்டு வருடம் நீண்ட காலம் என்று தோன்றும். பாடம், பரீட்சை, கலியாணம், பிள்ளை, அம்மாவின் சுகவீனம் எல்லாம் அதற்குள்தான் வரும்.

கிளிநொச்சி: நான் இரண்டாவது வருடமாக டெமோ, செய்முறை வகுப்புகளுக்குத் தற்காலிக உதவியாளர். துறைத் தலைவர் "பொறுங்கோ, வெற்றிடம் வரும்" என்கிறார். பொறுக்கவா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். என் கதையைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

பட்டம் முடித்த கையோடு ஓர் இடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். ஒப்பந்தம் ஒரு வருடம். அது முடிந்த அன்றைக்கு அடுத்த கடிதம் வரவில்லை. "நீங்கள் வேலையைச் செய்யுங்கோ, கடிதம் வரும்" என்றார்கள். செய்முறை வகுப்புக்கு எல்லாம் ஆயத்தம் செய்தேன், வரவுப் பதிவேடு எழுதினேன், பரீட்சை மண்டபத்தில் நின்றேன். நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, சம்பளமும் ஒரே தொகையாக வந்தது. அந்த நான்கு மாதமும் பஸ்ஸுக்கு அம்மாதான் காசு தந்தார். காலையில் அரிசி டின்னுக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்த நூறு ரூபாய்த் தாளை எடுத்து, ஒரு சொல் பேசாமல் என் கைப்பைக்குள் வைப்பார். ஏன் பேசவில்லை என்று இப்போது விளங்குகிறது. பேசியிருந்தால் நான் அன்றே நின்றிருப்பேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, டெமோ வேலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வகுப்பின் முன் நிற்கப் பழகுவது அங்கேதான். ஆனால் அந்தச் சம்பளத்தில் வருடாந்த ஏற்றம் இல்லை, அந்தச் சேவை உங்களை நிரந்தரப் பதவிக்குத் தானாக ஏற்றிவிடாது. வெற்றிடம் வந்தால் வெளியிலிருந்து வருபவரும் நீங்களும் ஒரே வரிசை. என் கணக்கு இரண்டு வருடம். அதற்குள் ஒரு முதுமாணிக்குப் பதிந்திருக்க வேண்டும், ஒரு கட்டுரையாவது அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால், மூன்றாம் வருடமும் நடக்காது. துறைத் தலைவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வெற்றிடத்தை உருவாக்குவது அவர் கையில் இல்லை.

வவுனியா: சம்பளம் எவ்வளவு என்று ஒருவரும் நேராகச் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கோ.

சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை, சம்பளத் தாள் அவ்வளவு நீளம். மேலே அடிப்படைச் சம்பளம். அதன் கீழே படிகள்: வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபாய், கல்விசார் படி, மாதாந்த இழப்பீட்டுப் படி. அதற்குக் கீழே ஆராய்ச்சிப் படி. படிகளைக் கூட்டினால் அடிப்படையைத் தாண்டுவதும் உண்டு. வெளியே அடிப்படையை மட்டும் கேட்டவர் "இவ்வளவுதானா" என்பார், கூட்டுத்தொகையைக் கேட்டவர் "இவ்வளவா" என்பார்.

மல்லாவித் தங்கச்சி இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஆராய்ச்சிப் படி பல வருடமாக அடிப்படைச் சம்பளத்தின் 35 வீதமாக இருந்தது. கணக்குக்கு அடிப்படை ஒரு இலட்சம் என்று வைத்தால், மாதம் 35,000, வருடம் 4,20,000 ரூபாய். அது சும்மா வராது, ஆய்வு முன்மொழிவு கொடுத்து, வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஆராய்ச்சி பிடிக்காது என்று ஒதுங்குபவர் அந்தத் தொகையை ஒவ்வொரு வருடமும் விட்டுவிட்டுத்தான் ஒதுங்குகிறார்.

கழிவுகள்: சேமலாப நிதிக்கு நமது பங்கு 10 வீதம். பல்கலைக்கழகம் 15 வீதம் போடும், அதில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போகும். பிறகு வரி. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் எடுத்தவர்களையெல்லாம் வரி பிடித்தது. அப்போது இரண்டு இலட்சம் எடுத்தவருக்கு மாதம் 10,500 ரூபாய் போனது. 2025 ஏப்ரலிலிருந்து எல்லை ஒன்றரை இலட்சமானது, அதே ஆளுக்கு 3,000 ஆகக் குறைந்தது. அரச துறையின் அடிப்படைச் சம்பள உயர்வும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணையாகப் போட்டார்கள். அதனால் 2024 ஆம் ஆண்டுச் சம்பளத் தாளை ஒருவர் காட்டி "இதுதான் விரிவுரையாளர் சம்பளம்" என்றால் நம்பாதீர்கள்.

படிகள் தாமாக வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளத்தோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பதும் கோரிக்கை. அந்த 6 வீதம் இன்னும் சுவரொட்டியில்தான் இருக்கிறது.

மன்னார்: வருகைதரு விரிவுரையாளராக மணித்தியாலக் காசுக்குப் போகலாமா?

கைக்காசுக்குப் போகலாம், அதை நம்பி வீடு கட்ட முடியாது. விரிவுரை செய்த மணித்தியாலத்துக்குத்தான் காசு. ஆயத்தம் செய்த இரவுக்கும், மதவாச்சிப் பக்கமோ வவுனியாப் பக்கமோ பஸ்ஸில் இருந்த நேரத்துக்கும் இல்லை. படிவத்தை மாதக் கடைசியில் நீங்களே கொண்டுபோய்க் கையொப்பம் வாங்குங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால் மேசையிலேயே இருக்கும்.

புதுக்குடியிருப்பு: டெமோவாகப் போகட்டா, பட்டதாரி ஆசிரியர் நியமனத்தை எடுக்கட்டா? அப்பா நியமனத்தை எடு என்கிறார்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிரந்தரம், ஊருக்குக் கிட்ட வரும் சாத்தியம், ஒவ்வொரு மாதமும் தவறாத சம்பளம். 2009க்குப் பிறகு ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த குடும்பங்களில் "நிரந்தரம்" என்ற சொல்லுக்கு வேறு கனம். அதைப் பழைய ஆட்களின் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

நியமனம் கையில் இருந்தால் எடுங்கள். பாடசாலையிலிருந்துகொண்டே முதுமாணி செய்து, பிறகு விரிவுரையாளரானவர்கள் இருக்கிறார்கள். மறுவழியில் வந்தவர்கள் குறைவு. விரிவுரையாளருக்கு ஓய்வு வயது 65, பாடசாலை ஆசிரியருக்கு 60. ஐந்து வருடம் பிந்தித் தொடங்கினாலும் அது ஈடாகிவிடும்.

மாங்குளம்: ரியூசன் கொடுக்கலாமா?

பல்கலைக்கழகப் பேரவையின் அனுமதியில்லாமல் கூடாது. கொடுப்பவர்கள் இருக்கிறார்களே என்று கேட்காதீர்கள்.

முள்ளியவளை: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சிங்களப் பிள்ளைகள் நிறையப் பேராமே. எனக்குச் சிங்களம் தெரியாது, ஆங்கிலமும் பயம். எப்படிப் படிப்பிப்பது?

ஆங்கிலத்தில்தான். எல்லாருக்கும் அது இரண்டாம் மொழி, அதனால் உங்கள் பயம் வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் ஒரு முறை, குருநாகல் பையனையும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியையும் ஒரே வாங்கில் இருத்தி, வீட்டிலிருந்து கம்பஸுக்கு வரும் வழியை ஒருவருக்கொருவர் சொல்லச் சொன்னேன். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு அவன் கொப்பியில் ஒரு குளத்தைக் கீறினான். அவள் அதன் பக்கத்தில் இன்னொரு குளத்தைக் கீறி, வயல், பாலம், பஸ் தரிப்பிடம் என்று கீறிக்கொண்டே போனாள். இரண்டு பேரின் ஊருக்கும் குளம்தான் அடையாளம். அதற்குப் பிறகு சொற்கள் வந்தன, பிழையாகத்தான் வந்தன, ஆனால் நிற்கவில்லை.

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான இடம் அது. பிள்ளைகள் நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். சிங்களம் கொஞ்சம் பழகினால் உங்களுக்குத்தான் லாபம். நான் பழகியது மாணவர்களிடம்தான், இன்னும் திருத்துகிறார்கள்.

துணுக்காய்: கனடாவில் மாமா "படிப்பிக்க மட்டும் பேராசிரியர் இருக்கினம்" என்கிறார். உண்மையா?

உண்மை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 2015 இலிருந்து கற்பித்தல் பிரிவுக்கென்று உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற மூன்று படிகளும் இருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தல் பேராசிரியர் என்ற பதவி உண்டு. கலிபோர்னியாவிலும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. நன்றாகப் படிப்பித்தேன், பாடத்திட்டத்தை மாற்றினேன் என்பதைக் காட்டித்தான் அவர்கள் மேலே போகிறார்கள்.

ஒன்ராறியோவில் 1996 இலிருந்து ஒரு சட்டம்: பொதுப் பணத்தில் வருடம் ஒரு இலட்சம் டொலரோ அதற்கு மேலோ எடுப்பவரின் பெயரும் சம்பளமும் வெளியிடப்பட வேண்டும். அந்தப் பட்டியலை மாமாவோடு சேர்ந்து பாருங்கள், பொழுதுபோக்காகவும் இருக்கும். ஆனால் அதில் வராத ஒரு கூட்டமும் அங்கே இருக்கிறது. ஒரு தவணைக்கு ஒரு பாடம் என்று ஒப்பந்தத்தில் படிப்பித்துவிட்டு, அடுத்த தவணைக்கு மறுபடி விண்ணப்பிக்கிறவர்கள். நமது டெமோவின் கனடாச் சொந்தக்காரர்கள். "பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்" என்று மாமா சொல்லும் ஆள் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் போனால் பிணை வைக்க வேண்டுமாமே?

ஆம். சம்பளத்தோடு கல்வி விடுமுறையில் போனால் திரும்பி வந்து குறிப்பிட்ட வருடங்கள் சேவை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும், பிணையாளிகளும் வேண்டும். வராவிட்டால் காசு கட்ட வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் பிணையாளியிடம் போவார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு திரும்பாதவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிணை வைத்தது பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ கூடப்படித்த ஆசிரியரோதான்.

ஒட்டுசுட்டான் தம்பி, உங்கள் கேள்வியின் கடைசியில் "பெரியம்மாவிடம் கேட்கலாமா" என்று எழுதியிருந்தீர்கள். கேளுங்கள். ஆனால் கையொப்பம் வாங்கப் போகும்போது ஒப்பந்தத்தின் பிரதியொன்றைக் கொண்டுபோய், தொகை எழுதியுள்ள பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பேனையைக் கொடுங்கள்.