ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: கேட்டவர்களும் என் பதில்களும்

வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ் (IELTS). அதன் பேச்சுப் பகுதிக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, தேர்வில் என்னதான் நடக்கும்?

11 முதல் 14 நிமிடம், ஒரு தேர்வாளருடன் பேச்சு. முதலில் வீடு, படிப்பு, வேலை என்று சாதாரணக் கேள்விகள். அடுத்து ஒரு தலைப்பு அட்டை: யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. கடைசியில் அந்தத் தலைப்பை ஒட்டிய விவாதம்.

கேள்வி: அட்டையைப் பார்த்ததுமே மண்டை காலியாகிவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். முழு வாக்கியம் எழுதாதீர்கள், நேரம் போய்விடும். 'உங்களுக்கு உதவிய ஒருவர்' என்று தலைப்பு வந்தால் 'உதவி' என்பதைப் பற்றி யோசிக்காமல், கண்ணுக்கு முன் தெரிகிற ஒரு ஆளைப் பிடியுங்கள். எங்கே நின்றார், என்ன சொன்னார், உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஐந்தாறு சொற்களைக் குறித்தால் போதும். நிஜமாக நடந்ததைச் சொல்லும்போது வார்த்தைகள் தானாக வரும். 40 நொடியில் விஷயம் தீர்ந்துவிட்டால் அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது, இப்போது எப்படி, இனி என்ன செய்வீர்கள் என்று நீட்டுங்கள். மூன்று காலங்களும் பேச்சில் வந்துவிடும். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் நிறுத்துவார். அது நேரக் கணக்கு மட்டும்தான், பயப்படாதீர்கள்.

கேள்வி: மாதிரி விடைகளை மனப்பாடம் செய்தால் என்ன?

வேண்டாம், தயவுசெய்து. மனப்பாடப் பகுதி வந்ததும் குரல் மாறிவிடும், வேகம் கூடிவிடும், தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் உருப்போட்டு வந்தவர்கள், கேள்வி கொஞ்சம் திரும்பியதும் தவித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் மாதிரி பேச வேண்டுமா?

தேவையே இல்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. உச்சரிப்பில் பார்ப்பது தெளிவை. அழுத்தம் சரியாக விழ வேண்டும்: 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில், 'போட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவதில். அப்புறம், சொல்லின் கடைசி ஒலியை விழுங்காதீர்கள். 'வொர்க்ட்' என்பதை 'வொர்க்' என்று முடித்தால், இறந்தகாலமே தெரியவில்லை என்று இலக்கணத்திலும் அடி விழலாம்.

கேள்வி: கேள்வி புரியாவிட்டால்?

'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்று கேளுங்கள். ஒன்றிரண்டு முறை கேட்டால் மதிப்பெண் குறையாது. புரியாமல் வேறு எதையோ பேசுவதுதான் ஆபத்து.

கேள்வி: ஆங்கிலத்தில் பேசிப் பழக எனக்கு யாருமே இல்லை அக்கா.

போன் இருக்கிறது இல்லையா? அது போதும். ஒரு தலைப்பு எடுத்து 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே, 'அம்', 'ஆ' எல்லாம் உட்பட, அப்படியே எழுதுங்கள். எங்கே திணறினீர்கள், எந்தச் சொல் பத்து முறை வந்தது என்று காகிதத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றைத் திருத்தி, தாளை மூடி வைத்துவிட்டு அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள். முதல் நாள் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான், இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.