கயோட்டி உலாவுற காணியில பிள்ளையளோட இருக்கலாமோ?

தங்கச்சி, உங்கட கேள்வியை வாசிச்சன். ரொறன்ரோவில ஸ்காபரோ தொடர்மாடியை விட்டிட்டு ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ரெண்டு ஏக்கர் காணியோட வீடு வாங்கிப் போயிருக்கிறியள். ராவில பத்துப் பதினைஞ்சு கயோட்டி (ஓநாய்ச் சாதியில சின்னனான காட்டு மிருகம்) சேந்து ஊளையிடுற மாதிரிக் கேக்குது, பிள்ளையளை வளவில விடப் பயமாக் கிடக்கு, சின்ன நாயும் ஆறு கோழியும் நிக்குது, பக்கத்துக் காணிக்காரர் ‘ஓம் எண்டால் சுட்டுத் தாறன்’ எண்டுறார், என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கிறியள். நாங்கள் லின்ட்சேக்குக் கிட்ட ஆடு வளர்க்கிற ஆக்கள். கன காலமா இதுகளுக்குப் பக்கத்திலதான் சீவியம். அந்த மனுசனுக்கு இப்போதைக்கு ஓம் சொல்லாதேங்கோ.

முதல்ல அந்தச் சத்தம். ரெண்டு மூண்டு கயோட்டி கத்தினாலே பெரிய கூட்டம் மாதிரிக் கேக்கும். ஒவ்வொண்டும் குரலை மேலயும் கீழயும் சட்டுச் சட்டெண்டு மாத்தும், அது பத்தையளிலயும் மரங்களிலயும் பட்டுத் திரும்பி வரும். ஒரு எல்லைக்குள்ள அனேகமா ஒரு சோடியும் அதுகளின்ர குட்டியளும்தான் இருக்கும். பிரிஞ்சு நிக்கிறதுகள் ஒண்டையொண்டு கூப்பிடும், அயல் கயோட்டிக்கு ‘இது எங்கட இடம்’ எண்டு சொல்லும். உங்கட வீட்டை நோக்கி வாறதுக்கும் ஊளைக்கும் சம்பந்தமில்லை.

பிள்ளையளைப் பற்றி. வட அமெரிக்கா முழுக்கக் கயோட்டி தாக்கி ஆள் செத்ததாகப் பதிவானது ரெண்டே ரெண்டு: 1981இல் கலிபோர்னியாவில ஒரு மூண்டு வயதுக் குழந்தை, 2009இல் நோவா ஸ்கோஷியாவில கேப் பிரெட்டன் தேசியப் பூங்காவில தனிய நடந்த 19 வயதுப் பாடகி. கடிச்ச சம்பவங்கள் இதைவிடக் கூட, ஆனால் அதில கனக்க, ஆக்கள் சாப்பாடு வைச்சுப் பழக்கின இடங்களில நடந்தது. அதால பிள்ளையள் பகலில விளையாடட்டும், சின்னதுகளோட பெரிய ஆள் ஒராள் நிக்கட்டும். பிள்ளையளுக்கு ஒண்டை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுங்கோ: கயோட்டியைக் கண்டால் ஓடக் கூடாது. முகத்தைப் பாத்து நிண்டு, கையை மேல தூக்கி, பெலமாக் கத்தி, மெல்ல மெல்லப் பின்னால வரவேணும். நீங்களும் அதையே செய்யுங்கோ. கதவடியில ஒரு பழைய சட்டியும் அகப்பையும் வைச்சுக்கொள்ளுங்கோ, வளவுக்குள்ள வந்தால் தட்டிக் கலையுங்கோ. வடிவாயிருக்கு எண்டு நிண்டு படம் எடுக்கிறதுதான் பிழை. மனுசருக்குக் கிட்ட நிண்டாலும் ஒண்டும் நடக்காது எண்டு அது படிச்சிடும்.

அது ஏன் வருது எண்டும் பாருங்கோ. அதுக்கு முக்கியமான சாப்பாடு எலி, முயல், செத்த மான், விழுந்த பழம். ஐப்பசியில எங்கட அப்பிள் மரத்தடியில கிடக்கிற எச்சத்தைப் பாத்தால் முயல் மயிரும் அப்பிள் விதையும் கலந்து கிடக்கும். பறவைக்குப் போடுற தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால இது வரும். எங்கட ஆக்களிட்ட இன்னொரு பழக்கமும் இருக்கு: மிஞ்சின சோத்தையும் எலும்பையும் ‘காகம் தின்னட்டும்’ எண்டு வேலிக்கரையில கொட்டுறது. இஞ்ச அதை அடியோட விடுங்கோ. விழுந்த அப்பிளைப் பொறுக்குங்கோ, நாயின்ர கோப்பையை வெளியில வையாதேங்கோ, குப்பையை எடுக்க வாற அண்டைக்குக் காலமை வையுங்கோ.

சின்ன நாயைத் தனிய வெளியில விடவே வேண்டாம், அஞ்சு நிமிசத்துக்கும் வேண்டாம். ஒன்ராறியோக் கயோட்டியில ஓநாயின்ர இரத்தமும் கலந்திருக்கு, 15, 20 கிலோ வரும். தை, மாசி சோடி சேருற காலம், சித்திரை, வைகாசியில குட்டி போடும். அந்த நேரம் நாயோட நடந்தால் கொஞ்சத் தூரம் விட்டுப் பின்னால வரும். வேட்டையாட எண்டு நினைச்சுப் பயப்பிடவேண்டாம். குட்டியள் கிடக்கிற இடத்தால நாயை வெளியேத்தப் பாக்குது. கட்டையான கயிறாப் பிடிச்சு, வந்த வழியால திரும்பிப் போங்கோ.

கோழிக்குக் கயோட்டியை விட ரக்கூன் பொல்லாதது. கையால கொளுக்கியைத் திறக்கும், வலைக்குள்ளால கையை விட்டு இழுக்கும். கோழி வலை எண்டு விக்கிற அந்த அறுகோண மெல்லிய கம்பி கோழியை உள்ள வைக்கத்தான் காணும், வாற மிருகத்தை நிப்பாட்டாது. அரை அங்குலச் சதுர ஓட்டையுள்ள தடிச்ச கம்பி வலை வாங்குங்கோ. கூட்டைச் சுத்தி வெளிப்பக்கமா ரெண்டடி அகலத்துக்கு நிலத்தில மடிச்சுப் போட்டு மண்ணால மூடினால் கிண்டி உள்ள வரேலாது. மேலயும் மூடவேணும், பருந்தும் ஆந்தையும் இருக்கு. கதவுக்கு ரெண்டு பூட்டு, பொழுதுபட முதல் கோழி உள்ள. எங்கட ஆடுகளுக்கு ராவில பட்டியும், மின்கம்பி வேலியும், கிரேட் பிரனீஸ் எண்ட பெரிய காவல் சாதி நாய் ரெண்டும் காவல். பக்கத்துத் தோட்டங்களில கயோட்டி நிண்டாலும் பட்டிக்குக் கிட்ட வராது.

இனி அந்தத் துவக்குக் கதை. தன்ர காணியையும் கால்நடையையும் காப்பாத்தச் சுட மாகாணச் சட்டம் விடுது, ஆனால் சுடக்கூடாத இடங்கள் பற்றி நகரசபைச் சட்டமும் இருக்கு, முதல்ல அதை விசாரியுங்கோ. எனக்குப் பெரிய காரணம் வேற. இந்த மாகாணத்தில 1793இல் தொடங்கி 1972 வரைக்கும் ஓநாய்த் தலைக்குக் காசு குடுத்தவை. தெற்கில ஓநாய் இல்லாமல் போச்சு, அந்த இடத்துக்கு மேற்கில இருந்து கயோட்டி வந்து நிறைஞ்சுது. இப்ப உங்கட வளவைச் சுத்தி நிக்கிற சோடி மனுசரைக் கண்டு ஓடுது எண்டால் அது உங்களுக்கு நல்ல அயல். மற்றக் கயோட்டியை அதுவே கலைக்கும். அதைக் கொண்டால் இடம் காலியாகும், கெதியா இளசுகள் வந்து பிடிக்கும், அதுகள் என்ன குணம் எண்டு உங்களுக்குத் தெரியாது. கோழிக்கூட்டைத் திரும்பத் திரும்ப உடைக்கிற, கலைச்சாலும் போகாத ஒண்டு வந்தால் அது வேற கதை. அப்ப லைசன்ஸ் உள்ள பொறி வைக்கிற ஆளைக் கூப்பிடலாம்.

மயிர் உதிர்ந்து தோல் தடிச்சு, பட்டப்பகலில வீட்டு ஓரமாச் சுருண்டு படுக்கிற கயோட்டியைக் கண்டால் அனேகமாச் சொறி நோய். கிட்டப் போகவேண்டாம், நாய்க்கும் தொத்தும். தள்ளாடினால், காரணமில்லாமல் பாஞ்சு வந்தால் விசர் நோயாகவும் இருக்கலாம், உடன நகரசபைக்குப் போன் அடியுங்கோ. நாய்க்கு விசர் ஊசி இஞ்ச சட்டப்படி கட்டாயம். அதோட மிருக வைத்தியரிட்ட நாடாப்புழு மருந்தும் கேளுங்கோ. தெற்கு ஒன்ராறியோக் கயோட்டியில மனுசரின்ர ஈரலைப் பாதிக்கிற ஒரு புழு இருக்கு, எச்சத்தால பரவும். எச்சத்தை வெறுங்கையால தொடாதேங்கோ, தோட்டத்துக் கீரையை வடிவாக் கழுவுங்கோ.

வேலி எத்தினை அடி, கோழிக்கூட்டின்ர அடி மண்ணோ பலகையோ எண்டு எழுதுங்கோ, என்ன கம்பி எவ்வளவு வேணும் எண்டு கணக்குப் பாத்துச் சொல்றன்.