வீட்டில் செய்யும் ஸ்பீக்கர் பெட்டிக்கு எத்தனை டெசிபல் போதும்?

கேள்வி: திருமங்கலத்தில் வீடு. ஹால் 12-க்கு 14 அடி. ஆறரை அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) ஒரு ஜோடிக்கு பிளைவுட் பெட்டி அடிக்கப் போகிறேன். சென்சிட்டிவிட்டி 88 டெசிபல். எவ்வளவு சத்தத்துக்குக் கணக்குப் போட வேண்டும்? அக்கா மகள் காதுகுத்துக்கு மொட்டைமாடியிலும் இதையே வைக்கலாமா?

பதில்: நீங்கள் உட்காரும் இடத்தில் சராசரி 75 முதல் 80, உச்சத்தில் 95 டெசிபல். அந்த ஹாலுக்கு இது தாராளம். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். தவிலில் ஓங்கி ஓர் அடி விழும்போது சத்தம் சராசரியைவிட 15 டெசிபல் எகிறிவிடும், அதற்காகத்தான் 95.

சென்சிட்டிவிட்டி 88 என்பது ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த சத்தம். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் 9.5 குறையும். இரண்டு பெட்டிகள் பாடுவதால் 3 திரும்ப வரும், சிமெண்ட் சுவர்கள் இன்னொரு 3 தரும் என்று வைப்போம். அப்படியானால் 95 டெசிபலுக்குப் பெட்டிக்கு 11 வாட்ஸ் போதும். சேனலுக்கு 25 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) உள்ள நல்ல ஆம்ப் வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த பிஎம்பிஓ என்ற ஊதிப்பெருக்கிய உச்ச வாட்ஸ் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். 105 வேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 110 வாட்ஸ் ஆகும். ஊஃபருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் சூடேறித் தவிக்கும்.

உங்களைக் கட்டிப்போடப்போவது வாட்ஸ் அல்ல, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி. ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் (ஊஃபரின் முன்னால் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். ஆறரை அங்குல ஊஃபர் முன்னும் பின்னும் 4 மில்லிமீட்டர் நகரும் என்றால், மூடிய பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தாலும் 100 ஹெர்ட்ஸில் 1 மீட்டரில் 103 டெசிபல் வரும். 50 ஹெர்ட்ஸில் 91-ஓடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆம்பைத் திருகினால் பேஸ் அதிகமாகாது, கோன்தான் தட்டும். ஆகவே ஊஃபரின் தகவல் தாளில் எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் நகரக்கூடிய தூரம்) எவ்வளவு என்று முதலில் பாருங்கள், அப்புறம் பெட்டியின் லிட்டர் கணக்குக்கு வரலாம். பெட்டியில் போர்ட் (காற்றுக் குழாய்) வைத்து 50 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தால், அந்த இடத்தில் கோன் குறைவாக நகர்ந்து போர்ட் வேலை செய்யும். ஆனால் டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடிக்க ஆளில்லை, கண்டபடி ஆடும். அந்தத் தாழ்ந்த ஒலிகளை ஊஃபருக்குப் போகாமல் வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் அவசியம்.

பெட்டியை எவ்வளவு பெரிதாக அடித்தாலும் நடு அதிர்வெண்களில் சென்சிட்டிவிட்டி 88 என்பது 95 ஆகாது.

காதுகுத்துக்கு இது சரிப்படாது. மாடியில் சுவர் தந்த 3 டெசிபல் கிடையாது, 6 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 15.6 குறைந்துவிடும். 95 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள 12 அல்லது 15 அங்குலப் பெட்டிகளை அன்று சவுண்ட் சர்வீஸில் வாடகைக்கு எடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி அடித்தால் இரண்டுமே கெடும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது, ராத்திரி விருந்தை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி தயாரானதும் போன் ஆப்பில் அளப்பீர்கள். ‘ஏ’ வெயிட்டிங்கில் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளவைத் திருத்தும் முறை) வைத்தால் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துக் காட்டும், பேஸை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ வெயிட்டிங்குக்கு மாற்றி அளங்கள்.