தம்பிக்கு எவ்வளவு பவர்?

வணக்கம் சார்,

ஒரு சந்தேகம். போர்ஷே கேமனில் எஞ்சின் நடுவில் இருக்கிறது. அதே கம்பெனியின் விலை கூடிய 911-இல் பின் அச்சையும் தாண்டி வால்பக்கம் தொங்குகிறது. வளைவுகளில் சமநிலைக்கு நடு எஞ்சின்தான் மேல் என்கிறார்கள். அப்படியானால் கேமனுக்கு எப்போதும் 911-ஐவிடக் குறைந்த பவர் ஏன்? தன் காரையே ஒரு கம்பெனி அடக்கி வைக்குமா? இன்னொன்று, ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்கலாம் என்றிருக்கிறேன். அது ஸ்போர்ட்ஸ் காரா, ஸ்டிக்கர் ஒட்டிய குடும்பக் காரா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு.

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அடக்கித்தான் வைக்கிறார்கள். ஆனால் பவரைப் பார்த்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

2005-இல் கேமன் எஸ் வந்தபோது 3.4 லிட்டர் எஞ்சின், 295 குதிரைத்திறன். அன்றைய அடிப்படை 911 கரேராவுக்கு 3.6 லிட்டர், 325. எல்லோரும் இந்த முப்பதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தக் கேமனில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் கிடைக்காது. 2009 மாடலில்தான் அது ஆப்ஷன் பட்டியலில் ஏறியது.

டிஃபரென்ஷியல் என்பது எஞ்சினின் டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி. சாதாரண வகை இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்கைத்தான் அனுப்பும். வளைவில் எடை வெளிச்சக்கரத்தின் மேல் சாயும். லேசாகிப்போன உள்சக்கரம் பிடி விட்டுச் சும்மா சுழலும். அது தாங்குகிற டார்க் எவ்வளவோ அவ்வளவுதான் வெளிச்சக்கரத்துக்கும் போகும். லிமிடெட் ஸ்லிப்பில் கிளட்ச் தட்டுகள் இரு பக்க அச்சுகளையும் சேர்த்துக் கவ்வுவதால், பிடியுள்ள வெளிச்சக்கரத்துக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். நடு எஞ்சின் கார் வளைவிலிருந்து வெளியேறும் அந்த ஒரு நொடியில்தான் தன் முழுத் திறமையைக் காட்ட முடியும். அந்த இடத்திலேயே கைவைத்தார்கள்.

ஏன் என்பதற்கு 1990-களுக்குப் போக வேண்டும். பணமுடையில் இருந்த போர்ஷே, 1996-இல் வந்த பாக்ஸ்டரையும் (கேமனின் கூரை திறக்கும் உடன்பிறப்பு) அடுத்து வந்த 996 தலைமுறை 911-ஐயும் ஒரே முன்பாதியோடு செய்தது. ஹெட்லைட், முன் ஃபெண்டர், கதவு எல்லாம் பொது. செலவு குறைந்தது. ஆனால் அதிக விலை கொடுத்து 911 வாங்கியவர், எதிரே பாக்ஸ்டர் வந்தால் எது எது என்று தெரியாமல் விழித்தார். 2002 மாடலில் 911-க்குத் தனி ஹெட்லைட் கொடுத்த பிறகுதான் அந்தப் புகார் அடங்கியது. வரிசையில் அண்ணன் யார், தம்பி யார் என்பதைக் காட்ட ஒரு விளக்குக்கு அச்சு மாற்றும் செலவு.

விலையிலும் இதே கதை. பொதுவாகக் கூரை திறக்கும் கார்தான் விலை கூடுதல். கேமனோ பாக்ஸ்டரைவிட விலை கூடுதலாக வைக்கப்பட்டு, 2016-இல் 718 வந்தபோதுதான் பாக்ஸ்டருக்குக் கீழே இறங்கியது. இரண்டும் அடிப்படையில் ஒரே கார்தான், வரிசையில் உட்கார்ந்த இடம்தான் மாறியது.

மற்ற கம்பெனிகளும் இப்படியே. செவர்லேயின் 1998 கமேரோவும் கார்வெட்டும் ஒரே எல்எஸ்1 குடும்ப எஞ்சின். கமேரோவுக்கு 305, கார்வெட்டுக்கு 345 என்று எழுதினார்கள். சக்கரத்தில் பவரை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றியவர்களுக்கு அந்த நாற்பது முழுதாகக் கிடைக்கவில்லை. அவுடி ஆர்8-இன் 5.2 லிட்டர் வி10 525 குதிரைத்திறனோடு வந்தது. அதே குடும்ப எஞ்சினுக்கு, அவுடியின் கையில் உள்ள லம்போர்கினியின் கல்லார்டோவில் 560. மஸ்தா எம்எக்ஸ்-5-க்கு இன்று இந்தத் தொல்லை இல்லை, வீட்டில் அதற்கு இப்போது அண்ணனே கிடையாது.

போர்ஷே பிறகு கையைத் தளர்த்தியது. 2015 கேமன் ஜிடி4-க்கு 911 கரேரா எஸ்-இன் 3.8 லிட்டர் எஞ்சின், 385 குதிரைத்திறன். கரேரா எஸ்-இல் அது 400. 2021-இல் வந்த ஜிடி4 ஆர்எஸ்-க்கு 500, 911 ஜிடி3-க்கு 510. தம்பியை உயரவிட்டார்கள், ஆனால் அதே எஞ்சின் உள்ள அண்ணனைத் தாண்டவிடவில்லை.

இப்போது உங்கள் ஐ20. ஹூண்டாயில் ‘என்’ வேறு, ‘என் லைன்’ வேறு. 2021 முதல் ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன், 18 அங்குல வீல். நம் ஊர் என் லைன் 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 16 அங்குல வீல். நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. 1.6 லிட்டரை இங்கே ஏன் விற்கவில்லை என்று யோசிக்கும்போது இந்த வரிக்கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் வெறும் ஸ்டிக்கர் இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கமாக்கியிருக்கிறார்கள், ஸ்டீயரிங்குக்குக் கனம் கூட்டியிருக்கிறார்கள், பின்னாலும் டிஸ்க் பிரேக். டிஃபரென்ஷியல் மட்டும் சாதாரணம்தான். மழையில் கத்திப்பாரா பாலத்தின் சுற்றில் இரண்டாம் கியரில் அழுத்தினால் உள்பக்க முன்சக்கரம் வழுக்கும், டிராக்‌ஷன் கண்ட்ரோல் பவரை வெட்டும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளியே ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, பவர் கூட்டினால் இதே வழுக்கல்தான் கூடும், வாரண்டியும் போகும். அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள். குடும்பத்துக்கும் ஆகும், ஓட்டவும் சுவையான கார். வாங்கலாம்.

டிராக் நாளுக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சென்னையில் கேட்கவே வேண்டாம். புதிய டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்கும். நீர் ஏறியதற்கு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி நிற்கும், பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். டாட் 5 சிலிக்கோன் வகை, இதில் கலக்கக் கூடாது. நாலைந்து சுற்று வேகமாகப் போனால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சுட்ட டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நிற்கும். மேனுவல் என்றால் முதல் கியர் போதும், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடும். அங்கே காற்றை இறக்கியிருந்தால் வீடு திரும்புமுன் பழைய அளவுக்கு நிரப்புங்கள். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் ரேஸையும் வேகச் சோதனையையும் ஏற்காது. பாலிசித் தாளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.