சிக்னலில் நின்றால் எண்ணெய் தீயும் வாடை: இன்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 2014-இல் வாங்கியது, 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் தீயும் வாடை உள்ளே வருகிறது. ஓடும்போது வருவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் ‘ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்று 70,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்துவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் வண்டியை அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியை மட்டும் வைத்து இன்ஜினை இறக்கச் சொல்வது பெரிய அநியாயம்.

ரிங் என்பது இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். அது தேய்ந்தால் எண்ணெய் இன்ஜினுக்கு உள்ளே எரியும். அந்தப் புகை சைலன்சர் வழியாகப் பின்பக்கம் போகும், நீலமாகத் தெரியும். உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார். உங்கள் மூக்கில் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் எண்ணெய் வெளியே கசிந்து சூடான பாகத்தில் விழுகிறது என்று பொருள்.

இன்ஜினின் உச்சியில் மூடிபோல இருப்பது டேப்பட் கவர். அதற்கு அடியில் ஒரு ரப்பர் பேக்கிங் சுற்றிவரப் பதிந்திருக்கும். பத்து வருடச் சூட்டில் அது இறுகிவிடுகிறது. கழற்றி விரலால் வளைத்தால் அப்பளம்போல ஒடியும். அதன் ஓரமாகக் கசியும் எண்ணெய் பக்கத்திலிருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில், பட்டுத் தீய்கிறது. வண்டி ஓடும்போது காற்று அந்த வாடையை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால், முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள துளைகள் வழியாக ஏ.சி. அதை உள்ளே இழுத்துவிடும். அடுத்த சிக்னலில் ஏ.சி.யை உள்காற்றே சுழலும்படி மாற்றிப் பாருங்கள். வாடை குறைந்தால் அது பானெட்டுக்குள்ளிருந்து வருகிறது.

‘தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லையே, எப்படிக் கசியும்?’ என்று மெக்கானிக் கேட்பார். சொட்டு தரைக்கு வருவதற்குள் தீய்ந்துவிடுகிறது, எப்படித் தெரியும்?

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து டேப்பட் கவரின் ஓரத்தைப் பாருங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு மெழுகாகப் படிந்திருக்கும். பழைய துணியால் அதைத் துடைத்துவிட்டு, 50 கி.மீ. ஓட்டி, மறுநாள் மறுபடி பாருங்கள். புதிதாக ஈரம் பளபளக்கும் இடம்தான் கசியும் இடம். அதுவரை இன்ஜினுக்கு வாட்டர் வாஷ் வேண்டாம். தடயம் போய்விடும், ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீரும் இறங்கிவிடும். பழைய கார் விற்கும் தரகர்கள் இன்ஜினைக் கழுவிப் பளபளவென்று காட்டுவதும் இந்தக் கசிவை மறைப்பதற்குத்தான்.

பேக்கிங் மாற்றுவது சின்ன கார்களில் ஓரிரு மணி நேர வேலை. நீங்கள் சொல்லும் 70,000 எங்கே, இது எங்கே! பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பழைய பேக்கிங்கின்மேலேயே சிலிகான் பசையை அப்பி மூட விடாதீர்கள். பிதுங்கிய பசை காய்ந்து, துணுக்காக உள்ளே விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். அப்போதுதான் இன்ஜின் உண்மையிலேயே போகும். புதுப் பேக்கிங்கும் சில மாதத்தில் கசிந்தால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகும் ‘ரிங்தான்’ என்று சாதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண்ணை எழுதி, தேதி போட்டுத் தர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சோதனை அது. அதைச் செய்யாமலேயே பல்லாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிவிடுகிறார்கள், கேட்க ஆளில்லை. உங்களை அங்கே அழைத்துப்போனவருக்கு அதில் கமிஷன் உண்டா என்பதையும் விசாரியுங்கள். புகைப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்தால் அதுவும் உங்களுக்கு ஓரளவு சாட்சி. ஆனால் சைலன்சரில் குழாயையே நுழைக்காமல் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் இடங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருடா வருடம் பணம் கட்டுகிறோம், கைக்கு வருவது வெறும் காகிதம்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்வீஸ் முடிந்த அன்றே வாடை தொடங்கியிருந்தால் கதை வேறு. ஃபில்டரைக் கழற்றும்போதோ எண்ணெய் ஊற்றும்போதோ சிந்தியது ஓரிரு நாள் தீய்ந்து தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் மூடியைச் சரியாகத் திருகினார்களா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் துணியைத் தேடுங்கள். ஆமாம், துணி. ஒருமுறை என்னிடம் வந்த காரில் மேனிஃபோல்டின் வெப்பத் தகட்டுக்குப் பின்னால், கை துடைத்த பனியன் வேஸ்ட் ஒரு பிடி சிக்கியிருந்தது. எண்ணெயில் ஊறி, ஓரமெல்லாம் கருகி, நடுவில் மட்டும் சிவப்பு நூல் மிச்சம். இன்னும் நான்கு நாள் ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும். அந்தக் குடும்பம் கைக்குழந்தையோடு ஏற்காடு மலை ஏற இருந்தது.

உங்களுக்கு இரண்டு மாதமாக இருப்பதால் அது பொருந்தாது. பேக்கிங் மாற்றும்வரை வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். டாஷ்போர்டில் சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள், ‘வீடு வரைக்கும்’ என்று ஓட்டாதீர்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும் அப்படியே. பானெட்டிலிருந்து புகை வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள், பானெட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும். 101-ஐ அழையுங்கள்.