ஆறு லட்சம் யென்னுக்கு யோகோதேயில் வீடு: வாங்கலாமா?

கேள்வி: டோக்கியோவில் ஆறு வருடங்களாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அகிதா மாநிலத்தின் யோகோதே நகரில், 1974இல் கட்டிய இரண்டு மாடி மரவீடு ஒன்று ஆறு லட்சம் யென்னுக்கு வந்திருக்கிறது. பக்கத்திலேயே சின்ன ஆப்பிள் தோட்டமும் சேர்த்துத் தருகிறார்களாம். மே மாதம் நேரில் போய்ப் பார்த்தேன், மனசு அங்கேயே நின்றுவிட்டது. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து தங்கவைக்கலாம், குளிர்காலத்தில் பூட்டிவிட்டு வரலாம் என்று யோசனை. சொந்த வீடு இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கும் உதவும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நிரந்தர வசிப்புரிமை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானில் வெளிநாட்டவர் நிலமும் வீடும் தாராளமாக வாங்கலாம். ஆனால் வீடு வாங்கினால் விசா வராது. நிரந்தர வசிப்புரிமைக்கு அதிகாரிகள் பார்ப்பது நீங்கள் நாட்டில் இருந்த வருடங்கள், வருமானம், வரியும் ஓய்வூதியத் தொகையும் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதைத்தான். அதற்காக வாங்க நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு தவறு செய்திருக்கிறீர்கள்: மே மாதம் போய்ப் பார்த்தது. மே மாதத்தில் யோகோதே சமவெளியைப் பார்த்து மயங்காதவர் யார்? வயலில் நாற்று, தோட்டத்தில் ஆப்பிள் பூ, தூரத்து மலையில் மிச்சப் பனி. அந்த வீட்டின் உண்மையான விலை பிப்ரவரியில்தான் தெரியும்.

படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ வரை கனக்கும். உங்கள் கூரை 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு மீட்டர் பனி நின்றால் 24 டன். வளர்ந்த யானைகள் ஐந்தாறு உங்கள் ஓட்டின்மேல் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற ஏற வீட்டுக்குள் அதன் அடையாளம் தெரியும். நேற்றுவரை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளிய அறைக்கதவு இன்று அசையாது; உத்தரம் கீழே அழுந்தி, கதவு ஓடும் பள்ளத்தை இறுக்கிக்கொண்டிருக்கும். கதவு இறுகினால் கூரையேற வேண்டும் என்பது பழைய வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கூரைப்பனி இறக்கும் வேலைக்கு யுகிஓரோஷி என்று பெயர். பனி அதிகமான வருடத்தில் மூன்று நான்கு முறைகூட ஏற வேண்டியிருக்கும். குளிர்காலம்தோறும் இந்த வேலையில் ஆட்கள் விழுந்து சாகிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள். நீங்கள் டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு ஆள் வைத்துச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் சில பத்தாயிரம் யென் போகும். கனத்த பனியில் ஊரே ஆளைத் தேடும்போது பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. 2021 ஜனவரியில் முதியவர் வீடுகளின் பனியை அகற்றத் தற்காப்புப் படையையே யோகோதேக்கு அழைக்க வேண்டி வந்தது. ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலம் அகிதா, ஞாபகம் இருக்கட்டும்.

கூரை மட்டும் இல்லை. விடியுமுன் நகராட்சியின் பனித்தள்ளு வண்டி வந்து தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். தெரு பளிச்சென்று இருக்கும், உங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்கு இறுகிய பனிக்கரை கிடக்கும். அதை அள்ளுவது உங்கள் பொறுப்பு. அதற்கு ‘மாமாசான் டம்ப்’ என்று ஒரு பெரிய தள்ளுவாரி இருக்கிறது. (அங்கே மாமா என்றால் அம்மா, அம்மாக்களும் தள்ளக்கூடியது என்று அர்த்தம். மாமாக்களுக்கு அதில் இடமில்லை.) அள்ளியதைக் கொட்ட, சில தெருக்களில் ஓடுநீர்க் கால்வாய் உண்டு. ஆளாளுக்குக் கொட்டினால் அடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் ஏறும் என்பதால் அதற்கும் நேரம் பிரித்திருப்பார்கள். பக்கத்து வீட்டு நிலத்தில் கொட்டினால் மூன்று தலைமுறைப் பகை நிச்சயம்.

‘பூட்டிவிட்டு வரலாம்’ என்கிறீர்களே, பூட்டுவதே ஒரு நாள் வேலை. தரைத்தள ஜன்னல்களுக்கு வெளியே பலகை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரையிலிருந்து சரியும் பனி கண்ணாடியை உடைத்து உள்ளே வரும். குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கக்கூடாது: வடிகால் வால்வைத் திருப்பி, எல்லாக் குழாயையும் திறந்து, கழிப்பறைத் தொட்டியையும் வெந்நீர்க் கொதிகலனையும் காலிசெய்து, கழிப்பறைக் கிண்ணத்தில் உறையாத் திரவம் ஊற்ற வேண்டும். பனி ஊரில் இருந்த முதல் வருடம் நான் வடிகால் வால்வைத் திருப்ப மறந்துவிட்டு நான்கு நாள் வெளியூர் போனேன். திரும்பி வந்து மின்னிய மரத்தரையில் காலை வைத்தால் வழுக்கியது. தரை முழுக்கப் பனிக்கட்டி.

இனி காகிதக் கணக்கு. ஆறு லட்சம் என்பது தொடக்கம்தான். 2024 ஜூலை முதல், 80 லட்சம் யென் வரையிலான வீடுகளுக்குத் தரகர் வரியோடு 3,30,000 யென் வரை வாங்கலாம். உங்கள் வீட்டு விலையில் பாதிக்குமேல் அதுவே போய்விடும். பதிவுச் செலவு தனி. சொத்து வாங்கியதற்கான வரி என்று ஒன்று, நீங்கள் மறந்தே போன பிறகு சில மாதம் கழித்துத் தபாலில் வரும். 1974 என்றால் 1981 ஜூன் மாதத்தின் புதிய நிலநடுக்க விதிகளுக்கு முந்தைய கட்டடம். பலப்படுத்தும் செலவையும் சேருங்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வாரிசுப் பதிவு 2024 ஏப்ரலில்தான் கட்டாயமானது. இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம்.

ஆப்பிள் தோட்டம் இலவச இணைப்பு மாதிரித் தெரியும். ஆனால் அது விளைநிலம். நகரின் விவசாயக் குழு அனுமதி தராமல் உங்கள் பெயருக்கு மாறாது. குறைந்தபட்ச நிலப்பரப்பு நிபந்தனையை 2023இல் எடுத்துவிட்டார்கள், சரி. ஆனாலும் உண்மையிலேயே விவசாயம் செய்வீர்களா என்று கேட்பார்கள். டோக்கியோவில் இருந்துகொண்டு என்ன பதில் சொல்வீர்கள்? கவனிக்காத ஆப்பிள் மரம் பூச்சிக்கும் நோய்க்கும் வீடு. அது முதலில் பரவுவது பக்கத்துத் தோட்டத்துக்கு. குளிர்காலத்திலும் ஓய்வில்லை. புதைந்த கிளையைப் பனி கீழிறங்கும்போது தன்னோடு இழுத்து, அடிமரத்திலிருந்து பிய்த்துவிடும். அதற்குள் தோண்டி விடுவிக்க வேண்டும். தோட்டம் வேண்டாம், வீடு மட்டும் போதும் என்று பேசிப் பாருங்கள்.

வாங்கிவிட்டு அப்படியே போட்டுவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜப்பானில் சுமார் 90 லட்சம் காலி வீடுகள். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்: பராமரிக்காத வீடு என்று நகராட்சி பரிந்துரை அனுப்பினால், வீட்டு மனைக்கான நிலவரிச் சலுகை பறிபோகும். இடித்துவிடலாம் என்றால் அதற்குப் பத்து, இருபது லட்சம் யென் ஆகும். வாங்கிய விலையைவிட விடுதலை விலை அதிகம்.

அதனால் என் யோசனை: இந்த வருடம் வாங்காதீர்கள். யோகோதேயில் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து, முடிந்தால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் இருந்து பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய அலுவலகம் விட்டால் சுலபம். அப்படியும் ஆசை தீராவிட்டால் வாங்குங்கள், ஆனால் அங்கேயே குடியிருக்க. வார இறுதி வீடாக இந்த ஊர் சரிப்படாது.

இரண்டு மாதம் முடியாதென்றால், பிப்ரவரி நடுவில் நடக்கும் கமகுரா என்ற பனிக்குடில் திருவிழாவுக்காவது போங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும். டோக்கியோவிலிருந்து கொமாச்சி ரயிலில் ஒமகாரி வரை, அங்கிருந்து ஓவு ரயில் பாதையில் இருபது நிமிடம். பனியில் குடைந்த குடிலுக்குள் தண்ணீர்ச் சாமிக்கு மாடம், முன்னால் குழந்தைகள் உட்கார்ந்து “ஹைத்தே தான்ஸே”, அதாவது உள்ளே வாங்க என்று கூப்பிட்டு அமாசாகே என்ற இனிப்பான அரிசிப் பானம் தருவார்கள். ரசியுங்கள். மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போங்கள். உள்ளே எல்லாக் கதவையும் தள்ளிப் பாருங்கள். அப்புறம் ஒரு இனிப்புப் பெட்டியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வீட்டுக்காரர் இத்தனை வருடம் பனியை எங்கே கொட்டினார் என்று கேளுங்கள்.